பொருள் எண் ஏழு

சுங்கை கெலாடி மாவட்ட மன்றத்தில்
மாதத்தின் இரண்டாம் புதன், காலை ஒன்பதரை.
பொருள் எண் ஐந்து, சாக்கடை மூடி.
ஆறு, இரவுச் சந்தைக் குப்பை.
ஏழு, முனி.

கோப்பில் அவர் பெயர் முனி இல்லை.
சாலை ஒதுக்கு நிலத்தில் அனுமதியற்ற கட்டுமானம்,
நீளம் ஆறடி, அகலம் நாலு,
கூரை துத்தநாகம்.
தமிழில் பெயர்த்து மரத்தில் ஒட்டியது நான்தான்.
பதினான்கு நாள் கெடு என்று எழுதும்போது
'கெடு'வில் கொஞ்சம் கை நின்றது.

லோரி ஓட்டும் அஞ்சப்பன் எழுந்தார்.
வெள்ளைச் சட்டை, மடிப்பு கலையாதது.
"நாலாம் நம்பர் தீம்பாருல பால்மரம் நின்னப்பவே
அவரு அங்க இருக்காரு.
பால்மரம் போச்சு, செம்பனை வந்துச்சு.
லயத்த இடிச்சாங்க, நாங்க அடுக்குமாடிக்குப் போனோம்.
அவரு போகல.
போன வெள்ளிக்கிழம கனவுல வந்து சொன்னாரு,
நகரமாட்டேன்னு."

தலைவர் ஹம்சா என்னைப் பார்த்தார்.
மலாயில் சொன்னேன்:
குடியிருப்பவருக்கு ஆட்சேபம் உண்டு.
அடையாள அட்டை எண் என்ன, என்றார் திட்டப் பிரிவு லோ.
சிரித்தார்கள்.
சிரிப்பு அடங்கியதும் முதலில் முகம் சுருங்கியது அவருக்குத்தான்;
ஏழாம் மாதம் சாலையோரம் தாள் எரிப்பவர்.
குறிப்பெழுதும் நோர்ஹயாத்தி
பேனாவை உயர்த்தியே வைத்திருந்தாள்.
கனவுக்கு எந்தக் கட்டம்?

மன்றம் என்றால் முன்பு மரத்தடி.
ஊர் கூடிய இடமும் தெய்வம் இருந்த இடமும்
ஒரே நிழல்.
இங்கே குளிர்சாதனம், ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி,
தொடங்குமுன் ஒரு துஆ.
அப்போது என் கைகளை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்வேன்.
என்ன செய்வதென்று தெரியாத கைகள்,
பதினோரு வருடமாக.

பிறகு பவுனம்மா.
யாரும் அழைக்கவில்லை. கடைசி வரிசையிலிருந்து வந்தாள்,
கையுறைத் தொழிற்சாலைச் சீருடையோடு,
இரவு வேலை முடிந்த கண்களோடு.

"எனக்கும் அவர்தாங்க சாமி.
மகனுக்கு முடி எறக்குனது அங்க.
இதோ, இந்த அண்ணன் மடியில வச்சுத்தான் காது குத்துனோம்.
மோட்டார்ல போயி அவன் விழுந்ததும் அங்கதான்.
மரம் மறைக்குதுங்க. எதுத்தாப்புல லோரி வந்தா தெரியாது.
நானே எட்டு வச்சு அளந்தேன், இருபத்திரண்டு எட்டு,
அதுக்குள்ள எவன் பிரேக்கு போடுவான்?
என் கனவுலயும் வர்றாரு.
ஒண்ணும் சொல்றதில்ல.
நிக்கிறாரு."

அஞ்சப்பன் அவளைப் பார்க்கவில்லை.
சட்டை மடிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

வளைவில் பார்வைத் தூரம் சுமார் பதினெட்டு மீட்டர்,
என்று மொழிபெயர்த்தேன்.
லோ தலையசைத்தார்.
அதற்குக் கட்டம் இருந்தது; நோர்ஹயாத்தி எழுதினாள்.
'நிக்கிறாரு' மட்டும்
எந்த மொழிக்கும் போகாமல்
என்னிடம் தங்கிவிட்டது.

முடிவு: தள ஆய்வு. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.
பொருள் எண் எட்டு, நாய் உரிமம்.

மாலை ஸ்கூட்டரில் அந்த வழியாகத்தான் வீடு.
என் அறிவிப்பு மரத்திலேயே இருந்தது.
நான்கு மூலையிலும் யாரோ சந்தனம் தடவி,
மன்றத்தின் முத்திரைமேல் குங்குமம் வைத்திருந்தார்கள்.
கிழிக்க மனம் வரவில்லை போலும்.
எழுத்தாயிற்றே.
அகலில் எண்ணெய் புதிது.
பக்கத்தில், ஒரு காலுக்கு மட்டுமான செருப்பு,
சின்ன அளவு, வெயிலில் வெளுத்தது;
அதை யாரும் எந்தக் கோப்பிலும் அளக்கவில்லை.

வளைவில் ஹாரன் அடித்தேன்.
அங்கே எல்லோரும் அடிப்பார்கள்.
அவருக்கு வணக்கமா, எதிரே வருபவனுக்கு எச்சரிக்கையா,
இதுவரை எவரும் கேட்டதில்லை.
மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து
ஒரு லோரி
பதில் அடித்தது.